அங்கமுத்து பாதியில் நின்றது

தாழம்பூரில் எங்கள் சைட்டுக்கு சேஃப்டி மேடமாக நிறைமதி வந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது. அந்த ஒன்றே முக்கால் வருடத்தில் அவர் ‘நில்லுங்க’ என்று சொல்லி நின்ற முதல் ஆள் சென்ட்ரிங் அங்கமுத்துதான், அதுவும் ஒன்பதாவது மாடியிலிருந்து அவர் விழுந்துகொண்டிருந்தபோது.

அதற்கு முன்னால் மேடம் சொல்லாத நாள் இல்லை. சாமான் ஏற்றும் லிஃப்டில் ஆள் ஏறிப் போனாலும் நில்லுங்க, கிரேன் தூக்கும் கம்பிக்கட்டுக்குக் கீழே குறுக்கே நடந்தாலும் நில்லுங்க, ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடித்து அதில் சூடாக வடை வாங்கி வந்தாலும் நில்லுங்க, பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கொக்கியை மட்டும் எதிலும் மாட்டாமல் பின்னால் தொங்கவிட்டபடி சாரத்தில் ஏறினாலும் நில்லுங்க. நாங்கள் முந்நூறு பேரும் ‘இதோ மேடம்’ என்போம், என்றுவிட்டு எங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்போம். எங்கள் சைட்டில் ‘இதோ மேடம்’ என்றால் ‘முடியாது’ என்று பொருள், கொஞ்சம் மரியாதை கலந்தது.

மற்றவர்களைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் அங்கே ஸ்டோர்கீப்பர், பெயர் துரைக்கண்ணு. புது பெல்ட் இருபத்தைந்து என் அறையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பூட்டிக் கிடந்தன. ஆடிட் செய்ய வருகிறவர்கள் பார்த்தால் பளிச்சென்று இருக்க வேண்டும் அல்லவா, ஆளுக்குக் கொடுத்தால் சிமெண்ட் பட்டு, எண்ணெய் பட்டு நாசமாகிவிடும். மேடம் கேட்டு எழுதிய சீட்டு எட்டு மாதமாக என் மேஜைக் கம்பியில் குத்தி நின்றது. நல்ல பொருளை அழுக்காகாமல் காப்பாற்றுவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

அங்கமுத்துவுக்கு நாற்பத்துநான்கு வயது, செங்கம் பக்கத்துக்காரர், இருபத்திரண்டு வருடமாக சென்ட்ரிங் வேலை, அதில் ஒரு நாள்கூட பெல்ட் போட்டதில்லை, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். அவருடைய மனைவி பவுனு அதே சைட்டில் சுவருக்கும் தளத்துக்கும் தண்ணீர் காட்டும் வேலை பார்த்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பன்னிரண்டாவது மாடிக்கு பலகை அடைக்கும்போது ஒரு ப்ளைவுட் குறைந்தது; அங்கமுத்து தேடிக்கொண்டு ஒன்பதாவது மாடிக்கு இறங்கினார்; அங்கே ஒரு மூலையில் நல்ல ப்ளைவுட் ஒன்று சும்மா தரையில் கிடப்பதைப் பார்த்தார்.

அது சும்மா கிடக்கவில்லை. பின்னால் தண்ணீர்க் குழாய்களும் கழிவுக் குழாய்களும் ஏறுவதற்காக ஒவ்வொரு மாடியிலும் ஒரே இடத்தில் எட்டுக்கு ஆறு அடியில் ஒரு செவ்வகம் திறந்து விட்டிருந்தோம், டக்ட் என்போம். பதினோரு மாடிக்கும் சேர்த்து அது ஒரே கிணறு. ஒன்பதாவது மாடியில் அதன் வாயை மூடத்தான் அந்த ப்ளைவுட். மேடம் அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் ‘கீழே குழி, எடுக்காதே’ என்று பெரிதாக எழுதச் சொல்லியிருந்தார், எழுதியும் இருந்தது. ஆனால் போட்ட ஆள், நடக்கிறவர்கள் மிதித்துப் புதுப் பெயிண்ட் கெட்டுவிடுமே என்று எழுத்துப் பக்கத்தைக் கீழே வைத்துப் போட்டிருந்தான். அங்கமுத்து குனிந்து இந்த முனையைத் தூக்கி நிறுத்தி, இரண்டு கையாலும் அகலமாகப் பிடித்து, முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தார். எழுத்து அவர் முகத்துக்கு நேராக வந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்தான். வாசித்து முடிக்கும்போது எட்டாவது மாடியைத் தாண்டியிருந்தார்.

ஏழாவது மாடியில் அதே டக்டின் ஓரத்தில் நிறைமதி குந்தி உட்கார்ந்து, யாரோ கழற்றி எறிந்த தடுப்புக் கம்பியைத் தன் கையாலேயே திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். மேலிருந்து ப்ளைவுட்டும் ஆளுமாக எதிரே கடந்து போவதைப் பார்த்ததும் அவருக்குக் கத்தத் தோன்றவில்லை, கும்பிடத் தோன்றவில்லை. நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன வார்த்தை எதுவோ அதுதான் வந்தது. ‘நில்லுங்க’ என்றார். ‘இதோ மேடம்’ என்றார் அங்கமுத்து, அவருக்கும் அதுதான் பழக்கம். ஆனால் நின்றுவிட்டார். ப்ளைவுட் நிற்கவில்லை, அது தன் வழியில் கீழே போய் உடைந்தது.

ஏழாவது மாடித் தளத்துக்கு நாலடி கீழே அவர் பாதம் இருந்தது, பாதத்துக்கு அடியில் அறுபது அடிக்கு ஒன்றும் இல்லை. தலை மேடத்தின் முழங்கால் உயரத்தில் இருந்தது. கை ஆடியது, கழுத்து திரும்பியது, பேச முடிந்தது, நகரத்தான் முடியவில்லை. பசி இருந்தது, தாகம் இருந்தது, மற்றது எதுவும் இல்லை. அதைப் பற்றித்தான் வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

செய்தி பரவி எல்லோரும் ஏழாவது மாடிக்கு வந்தோம், பார்த்தோம், பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குத் தகுந்த மாதிரி கவலைப்பட்டோம். சென்ட்ரிங் மேஸ்திரி, பன்னிரண்டாவது மாடியின் வடகிழக்கு மூலையை இனி யார் அடிப்பது என்று கவலைப்பட்டார். ஆள் வருகை எழுதுகிறவர், அங்கமுத்து வேலைக்கு வந்ததாக எழுதுவதா வராததாக எழுதுவதா என்று யோசித்து, சைட்டுக்குள்தானே நிற்கிறார், நிற்காமல் படுத்திருக்கிறவர்களுக்கே வந்ததாக எழுதுகிறோமே என்று வந்ததாகவே எழுதினார். மேடம் விபத்துப் பதிவேட்டைத் திறந்தார். அதில் காயம் என்று ஒரு கட்டம், உயிரிழப்பு என்று ஒரு கட்டம், நல்லவேளையாகத் தப்பியது என்று ஒரு கட்டம்; மூன்றிலும் எழுத முடியாமல் ஓரத்தில் ‘விழுவது இன்னும் முடியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தீயணைப்பு வண்டி வந்தது. நாலு பேர் கயிற்றை அவர் அக்குளில் கொடுத்து இழுத்தார்கள், எட்டுப் பேராகவும் இழுத்தார்கள். சுவரில் அடித்த ஆணி மாதிரி அசையவில்லை. கயிறு அறுக்கிறது என்று அங்கமுத்துவே கழற்றச் சொன்னார். ‘மாட்டைக் கட்டற மாதிரி கட்டாதீங்க சார். நான் எங்க ஓடப் போறேன்’ என்றார். அந்த அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தங்களுக்குத் தீ தெரியும், வெள்ளம் தெரியும், கிணற்றில் விழுந்தவரைத் தெரியும், விழுந்து முடிக்காதவரைத் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் சடகோபன். கெட்ட மனிதர் இல்லை; தேதி தவறாமல் தளம் போடுவதைத் தவிர வேறு எதையும் நினைக்க நேரமில்லாத மனிதர். ஆறாவது மாடியிலிருந்து பலகையை நீட்டுங்கள், அவர் காலுக்குக் கீழே கொடுத்துவிடுங்கள், பத்து நிமிட வேலை என்றார். நாலு பேர் வெறுங்கையோடு ஓடிப் போய் டக்ட் விளிம்பில் நின்று பலகையைத் தள்ளினார்கள். ‘பெல்ட் இல்லாம அங்க போகாதீங்க’ என்று மேடம் மேலிருந்து சொன்னார். இதோ மேடம் என்றது ஒரு குரல். அந்தக் கணமே அங்கமுத்து ஒன்றரை அடி சரசரவென்று இறங்கி, மறுபடி நின்றார். பயந்து பலகையை உருவிக்கொண்டு எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். ஏன் இறங்கினார் என்று அன்றைக்கு யாருக்கும் விளங்கவில்லை.

விளங்கிக்கொண்டவள் பவுனு. அவள் அழுது முடித்து, என்னிடம் வந்து சிமெண்ட் மூட்டைக்குக் குறி போடும் சாக்கட்டியை வாங்கிப் போய், ஆறாவது மாடியிலிருந்து பார்த்தால் அவர் குதிகால் தெரியும் உயரத்துக்கு ஒருவனைக் கொண்டு டக்ட் சுவரில் கோடு போடச் சொன்னாள். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குதிகால் கோட்டுக்கு நேராக இருந்தது, ஒன்பதே காலுக்கு இரண்டு விரல்கடை கீழே இருந்தது. அவள் படியேறி ஒவ்வொரு மாடியாகப் போய்க் கேட்டாள்.

‘இப்ப சித்த முன்னாடி மேடம் சொல்லி யாருய்யா கேக்கல?’

பதினோராவது மாடியில் பீகார்க்காரன் சுக்தேவ் கையைத் தூக்கினான். மூன்று வருடமாக இங்கே இருக்கிறான், தமிழ் நன்றாக வரும். ‘நான்தான் அக்கா. கொக்கி மாட்டச் சொன்னாங்க. ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு மாட்டல.’

‘உன் ரெண்டு நிமிஷம் எங்க மாமாவுக்கு ரெண்டு விரல்கடை’ என்றாள் பவுனு. சுக்தேவ் அப்படியே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் கணக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மேடம் சொல்லி ஒருவர் கேட்காவிட்டால் அங்கமுத்து இறங்குவார். சின்னதுக்குச் சின்னதாக, பெரியதுக்குப் பெரியதாக. அவரை அங்கே நிறுத்தியது மேடத்தின் ஒரு வார்த்தை என்றால், அந்த வார்த்தையை முந்நூறு பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தோம், யார் கையை விட்டாலும் அந்த அளவுக்குத் தளரும்.

பவுனு நேராக என் ஸ்டோருக்கு வந்தாள். ‘அண்ணே, பெல்ட்டு ரூம் சாவி.’

‘ஆடிட்டுக்கு வெச்சிருக்கேன்மா’ என்று என் வாயில் வந்துவிட்டது. வந்த மறுநிமிஷம் டக்ட் பக்கமிருந்து ஆட்கள் கூவுவது கேட்டது. எட்டு மாதமாகக் கம்பியில் குத்தி வைத்திருந்த சீட்டும் மேடத்தின் சொல்தானே. சாவியை எடுத்துத் திறந்தேன், அப்போது நான் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உறைகளை நானே கிழித்தேன், கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் சைட் இருந்த இருப்பைச் சொன்னால் வேறு சைட்டுக்காரர்கள் நம்ப மாட்டார்கள்: காலையில் வேலைக்கு முன்னால் மேடம் பேசும் கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்த இடத்தில் முந்நூறு பேர் வந்தார்கள், ஹெல்மெட்டின் தாடைப் பட்டை எல்லாத் தாடையிலும் இறுகியது, பிரித்த பலகைகளில் ஆணிகள் மடங்கின, பிளக் இல்லாமல் ஒயரை நேரே ஓட்டையில் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்கும் வழக்கம் ஒழிந்தது, கழற்றின தடுப்பைக் கழற்றின ஆளே திரும்பக் கட்டினான், டக்ட் மூடிகளில் எழுத்து மேல் பார்த்தது, சாமான் லிஃப்டில் சாமான் மட்டும் போனது, ஆட்கள் பதினோரு மாடியும் மூச்சு வாங்க நடந்தார்கள், நடந்துகொண்டே மேடத்தைத் திட்டினார்கள், திட்டிக்கொண்டே சொன்னபடி செய்தார்கள். செய்யாதவனை மேடம் கேட்பதற்கு முன் பவுனு சாக்கட்டியோடு போய்க் கேட்டாள். அவளுக்கு பயந்த மாதிரி எங்கள் ஆட்கள் எந்த இன்ஜினியருக்கும் பயந்ததில்லை.

அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து பெண்கள் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டு வந்தார்கள். பலகை கிடக்கிற இடத்தில் நெருப்பு கூடாது என்று மேடம் சொன்னார். எலுமிச்சம்பழத்தை வாங்கி அங்கமுத்துவுக்கு ஜூஸ் போட்டுக் கொடுத்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதால் என் கவுண்டரில் வரிசை நின்றது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வது கஷ்டம், ஆனாலும் போட்டுக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் நான் வியந்து பார்த்தது அங்கமுத்துவை அல்ல, நிறைமதியை. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து வந்த இருபத்தெட்டு வயதுப் பெண், தன் வாயிலிருந்து எது வந்தாலும் அது ஒரு மனிதனின் உயிரோடு கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்ததும், பெருமைப்படவில்லை, பேச்சைக் குறைத்தார். முன்பு சொன்ன நூறு உத்தரவுகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, இது ஆளைக் காப்பாற்றுகிறதா, இல்லை ஃபைலைக் காப்பாற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். ஃபைலுக்கானதை அடித்தார், முப்பத்தொன்று மிஞ்சியது, அதை மட்டும் சொன்னார். அங்கமுத்துவிடம் மட்டும் எதுவுமே சொல்லவில்லை. இரண்டாவது உத்தரவு போட்டால் முதல் உத்தரவு ரத்தாகிவிடுமோ என்று அவருக்கு பயம். பெல்ட் போடச் சொல்லி மற்றவர்கள்தான் அங்கமுத்துவிடம் கெஞ்சினார்கள். ‘விழறதுக்கு முன்னாடி போடறதுதானேய்யா பெல்ட்டு? நான்தான் விழுந்தாச்சே’ என்று அவர் சிரித்தார். விளிம்பில் கொக்கி மாட்டி உட்கார்ந்து பவுனு சோறு ஊட்டும்போதும் அதையே சொன்னார். அவள் கோபத்தில் ஒரு வாய் அதிகமாகத் திணித்தாள்.

வியாழக்கிழமை சடகோபன் ஒரு யோசனையோடு மேடத்திடம் வந்தார். நான் ஹெல்மெட் எண்ணிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

‘பாரும்மா, சின்னத் தப்புக்கு ரெண்டு விரல்தானே இறங்கறார். நாமளே கணக்கா, ஒரு நாளைக்கு இத்தனைன்னு சின்னச் சின்னத் தப்பா பண்ண வெச்சா, பூ மாதிரி ஆறாவது மாடிக்கு இறங்கிடுவார். நான் சார்ட் போட்டுட்டேன்.’

‘அந்தச் சின்னத் தப்பை யார் சார் பண்ணுவாங்க?’

‘யாராச்சும். தாடைப் பட்டையைக் கழட்டறது, கொக்கியை ஒரு நிமிஷம் எடுக்கறது…’

‘எடுத்தவர் விழுந்தா?’ என்றார் மேடம். ‘ஒரு தடவை நில்லுங்கன்னேன், நின்னுட்டார். இன்னொரு தடவை சொன்னா நிப்பாங்களான்னு எனக்குத் தெரியாது சார். இவர் இறங்கறதுக்காக இன்னொருத்தரை என்னால விழ வைக்க முடியாது. மேடை கட்டலாம். முறையாக் கட்டலாம். அஞ்சு நாள் ஆகும்.’

சடகோபன் சார்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆறாவது மாடியில் இரும்பு உத்தரம் போட்டு மேடை கட்ட ஏற்பாடாயிற்று.

வெள்ளிக்கிழமை கம்பெனி டைரக்டர் வந்தார், விருந்தாளிகள் இரண்டு பேரோடு. அந்தரத்தில் நிற்கும் ஆளைக் காட்ட வேண்டும். வெயிலுக்குப் புழுங்குகிறது என்று ஏழாவது மாடியில் ஹெல்மெட்டைக் கழற்றி சடகோபன் கையில் கொடுத்தார். நன்றாகப் படம் எடுக்க வேண்டும் என்று தடுப்பு நாடாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். ‘சார், அங்கயே நில்லுங்க’ என்றார் மேடம். அவர் திரும்பிப் பார்த்து, குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, இன்னும் ஒரு அடி வைத்தார். சடகோபன் பக்கத்தில்தான் நின்றார். கையை நீட்டியிருந்தால் தடுத்திருக்கலாம். ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அங்கமுத்து ஒரு மாடி முழுக்க விழுந்தார். இந்த முறை அலறினார். அந்த அலறல் டக்டில் மேலும் கீழும் போய்வந்தது, பிறகு பவுனுவின் அலறல் அதன்மேல் ஏறியது. எட்டிப் பார்த்தபோது ஐந்தாவது மாடித் தளத்துக்கு நாலடி உயரத்தில், டக்டின் நட்ட நடுவில், எந்த விளிம்பிலிருந்தும் கை எட்டாத இடத்தில் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. டைரக்டர் கீழே இறங்கிக் காரில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றோம்.

அன்று மத்தியானம் நாற்பது காங்கிரீட் வண்டிகளுக்குச் சொல்லி வைத்திருந்த பன்னிரண்டாவது மாடித் தளத்தை சடகோபன் தன் பொறுப்பில் தள்ளிப்போட்டார். சனிக்கிழமை காலைக் கூட்டத்தில் முதல் வரிசையில் வந்து நின்றார், பெல்ட் எப்படிப் போடுவது என்று கேட்டார். முப்பது வருட அனுபவம், இதுவரை போட்டதில்லையாம். சுக்தேவ்தான் போட்டுவிட்டான், தொடைப் பட்டைக்குள் இரண்டு விரல் போகிற அளவுக்கு இறுக்கி.

ஐந்தாவது மாடியில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். நான் பார்த்த வேலைகளிலேயே அழகான வேலை அது. அவசரம் எல்லோர் நெஞ்சிலும் இருந்தது, ஒருவர் கையிலும் இல்லை. ஒரு கொக்கி மாட்டிய பிறகே மறு கொக்கியைக் கழற்றினார்கள். மேடைக் கம்பிகளை இணைக்கும் ஒவ்வொரு பூட்டையும் ஒருவர் முடுக்க இன்னொருவர் ஆட்டிப் பார்த்தார். நாலாவது மாடியில் வலை விரித்து மணல் மூட்டை போட்டுச் சோதித்தார்கள். ஆறாவது மாடி உத்தரத்தில் கொக்கி மாட்டக் கயிறு கட்டி அதில் இரண்டு ஆள் தொங்கிப் பார்த்தார்கள். ஒடியாவில், இந்தியில், தமிழில் ஒரே வார்த்தையைத்தான் நாள் முழுக்கக் கேட்டோம்: மாட்டியாச்சா, மாட்டியாச்சு. ஐந்து நாளில் அங்கமுத்து ஒரு நூல்கூட இறங்கவில்லை. அவர் நீளக் கம்பில் கட்டி நீட்டிய சோற்றைத் தின்றார், ஆட்கள் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மேடை முடிந்தது. அவர் பாதத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு அங்குலம் இருந்தது. அந்த ஒரு அங்குலத்தைத்தான் எங்களால் தீர்க்க முடியவில்லை.

‘மூணு மாடி வேகம் அவர்கிட்ட பாக்கி இருக்கு’ என்றார் சடகோபன், தாழ்ந்த குரலில். ‘இறங்குங்கன்னு நீ சொன்னா அது மொத்தமா வருமா, வராதான்னு எந்தப் புக்குலயும் இல்லம்மா.’

மேடம் கொக்கியை மாட்டிக்கொண்டு மேடைமேல் ஏறி அவர் எதிரே போய் நின்றார். நான் ஐந்தாவது மாடி விளிம்பில் நின்றேன். ஆறாவது மாடியிலிருந்து பவுனு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடத்தின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒன்றே முக்கால் வருடம் ஓயாமல் சொன்ன வாய்க்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது.

அங்கமுத்துதான் பேசினார். ‘மேடம், நீங்க தெனமும் சொல்றதெல்லாம் கம்பெனிக்காகச் சொல்றீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். ரூல்ஸு, அதுக்காகச் சொல்றாங்கன்னு. எனக்குச் சொல்றீங்கன்னு விழும்போதுதான் தெரிஞ்சுது. அதான் நின்னுட்டேன்.’

மேடம் தலையை மட்டும் ஆட்டினார்.

‘நீங்க இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். நானே இறங்கிக்கிறேன்.’ ஒரு காலைக் கீழே வைக்கப் பார்த்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு அங்குலத்தைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். ‘ஸ்டோர்காரரே, பெல்ட்டு ஒண்ணு குடுங்க.’

ஒரு அங்குலம் இறங்குவதற்கு ஒரு மனிதன் பெல்ட் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. நானும் கொக்கி மாட்டிக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். தோள் பட்டை, மார்புப் பட்டை, தொடைப் பட்டை என்று ஒவ்வொன்றாக அவரே போட்டுக்கொண்டார், ஐந்து நாளாகப் பார்த்துப் படித்திருந்தார். கொக்கியைத் தலைக்கு மேலே கயிற்றில் மாட்டினார், இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். மேடமும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு விளிம்புக்கு ஒதுங்கினார். அங்கமுத்து அந்த ஒரு அங்குலத்தை இறங்கினார்.

மூன்று மாடியும் வந்தது. எட்டு நாளாக அந்தரத்தில் காத்திருந்த வேகம் அத்தனையும் ஒரே நேரத்தில் வந்தது. இரண்டு அடுக்குப் பலகையும் சடசடவென்று முறிந்து அவர் கால் அதன் வழியே போனது, தலைக்கு மேல் கயிறு விறைத்தது, ஆள் விழும்போது பிரிந்து அடியை வாங்கிக்கொள்வதற்காக பெல்ட்டில் மடித்துத் தைத்திருக்கும் பட்டை, தையல் தையலாகக் கிழிந்துகொண்டே நீண்டு, கடைசித் தையலில் நின்றது. கட்டடம் அதிர்ந்தது. பூட்டு ஒன்றுகூட நழுவவில்லை. தூசி அடங்கியதும் முறிந்த பலகைகளுக்கு நடுவே மார்பளவில் தொங்கியபடி அங்கமுத்து இருமினார். அந்த இருமல் எங்களுக்குக் கேட்டது.

சுக்தேவும் சடகோபனும் பழகி வைத்திருந்தபடியே அவரை இழுத்து ஐந்தாவது மாடித் தரையில் உட்கார வைத்தார்கள். பவுனு ஓடி வந்தாள். படியில் ஓடக் கூடாது என்பதால் கடைசிப் படிகளில் நடந்து வந்தாள். அவர் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், இரண்டும் தரையில் இருந்தன. ‘இறங்கிட்டியா மாமா’ என்றாள். ‘இறங்கிட்டேன் பவுனு’ என்றார். அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையில் நாங்களும் கலந்துகொண்டோம், எனக்குச் சொல்ல வெட்கம் இல்லை.

மறுநாள் காலைக் கூட்டத்துக்கு ஆட்கள் அந்த பெல்ட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, மாலை போட்டுக் கொண்டு வந்திருந்தார்கள். சைட் ஆஃபீஸ் வாசலுக்கு மேல் மாட்டி வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை, நான் சுவரில் ஆணியே அடித்து வைத்திருந்தேன். மேடம் பெல்ட்டைக் கையில் வாங்கி மாலையை எடுத்து பவுனுவிடம் கொடுத்தார். என்னிடம் பெரிய கத்தரி கேட்டார்.

‘ஒரு தடவை ஆளைப் பிடிச்ச பெல்ட் இன்னொரு ஆளைப் பிடிக்காது’ என்றார். ‘இங்க மாட்டி வெச்சா பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒரு நாள் அவசரத்துல, இது நம்மளைக் காப்பாத்தின பெல்ட்டுன்னு நம்பி, யாராவது எடுத்துக் கட்டிக்கிட்டு ஏறிடுவீங்க. வெட்டிடணும்.’

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு போனது. நான் கத்தரியைக் கொண்டுவந்து கொடுத்தேன். பட்டை தடிமன், கத்தரி வழுக்கியது. அங்கமுத்து வரிசையிலிருந்து வந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டார், பவுனு மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு மறு முனையைப் பிடித்தாள். ‘இப்ப வெட்டுங்க மேடம்’ என்றார் அங்கமுத்து. மேடம் பதினோரு துண்டாக வெட்டினார். அன்றைக்கு டக்டில் யாரும் நிற்கவில்லை, நாங்கள் மறுத்திருந்தால் யாரும் எங்கேயும் இறங்கியிருக்கப் போவதில்லை. ஆனாலும் முந்நூறு பேரும் கடைசித் துண்டு விழும் வரை ஹெல்மெட்டோடு நின்று பார்த்துவிட்டு, வேலைக்குப் போனோம்.